கரண்ட் வைக்கிறதை யார் முடிவு பண்ணணும்?

1/ நான் ரேடியேஷன் டாக்டர். நம்ம ஊர் பாஷையில் ‘கரண்ட் வைக்கிற டாக்டர்’. கேன்சருக்குக் கரண்ட் வைக்கலாமா, எப்போ வைக்கலாம் என்ற முடிவை நான் ஒருத்தனே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் பெரிய த்ரெட், பொறுமையா படிங்க.

2/ சில வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார். காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுறவர். குரல்வளையில் கேன்சர். ஆபரேஷன்னா குரல்வளையை மொத்தமா எடுக்கணும். “குரல் போச்சுன்னா பொழப்பே போச்சு சார், கரண்டே வச்சிடுங்க” என்றார். நானும் மனசுக்குள்ள சரின்னு முடிவு பண்ணிட்டேன்.

3/ அதற்கு ஆதாரமும் இருந்தது. 1991இல் அமெரிக்காவில் 332 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், பிறகு ரேடியேஷன். இன்னொரு பிரிவுக்கு முதலில் கீமோ. கட்டி சுருங்கினால் ரேடியேஷன், சுருங்கலைன்னா ஆபரேஷன். 2 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ரெண்டு பக்கமும் 68%. கீமோ பக்கம் 64% பேருக்குக் குரல்வளை தப்பியது.

4/ அந்த வாரம் எங்க ‘ட்யூமர் போர்டு’ கூட்டத்தில் இவர் கேஸை வச்சேன். அறுவை சிகிச்சை நிபுணர், கீமோ கொடுக்கிற டாக்டர், ஸ்கேன் பார்க்கிறவர், பயாப்சி பார்க்கிறவர், பல் டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்யலாம்னு பேசுற கூட்டம் அது.

5/ ஸ்கேன் டாக்டர் படத்தை நிறுத்தி ஒரு இடத்தைக் காட்டினார். கட்டி குருத்தெலும்பை அரிச்சு வெளியே வந்திருந்தது. நான் ரிப்போர்ட்டைப் படிச்சிருந்தேன், அந்த இடத்தை இவ்வளவு கவனமா பார்க்கலை. பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார்: “தண்ணி குடிச்சாலே இவருக்குப் புரையேறுது சார்.” இதை நான் அவரிடம் கேட்கவே இல்லை.

6/ கணக்கே மாறிடுச்சு. அதே 1991 ஆய்வில், இப்படி முற்றிய கட்டி இருந்தவர்களில் பாதிக்கு மேல் பேருக்குக் கடைசியில் குரல்வளையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ரேடியேஷன் பட்ட கழுத்தில் பெரிய ஆபரேஷன் பண்ணினா புண் ஆறுறது கஷ்டம். கட்டி போனாலும் விழுங்கும்போது புரையேறுறது நிற்கும்னு உத்தரவாதம் இல்லை. முதலில் ஆபரேஷன், பிறகு கரண்ட் என்று முடிவாச்சு.

7/ அதை அவரிடம் சொன்னது நான்தான். ரொம்ப நேரம் பேசலை. வீட்டில் கலந்துக்கிட்டு மூணாம் நாள் வந்து சம்மதிச்சார். இன்னைக்கு நல்லா இருக்கார். தொண்டையில் வச்ச சின்ன வால்வு மூலமா, கழுத்து ஓட்டையை விரலால் மூடிப் பேசுறார். ஏலம் விடுறது இல்லை; அதே மார்க்கெட்டில் கணக்கு எழுதுறார். இழப்பு இழப்புதான், அதை மறைக்க மாட்டேன்.

8/ ரேடியேஷன்ல ஏன் இவ்வளவு யோசிக்கணும்? கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. தலை, கழுத்து கேன்சருக்கு வழக்கமான முழு அளவு 70 கிரே. 35 தடவை, வாரம் 5 நாள், 7 வாரம். அதே இடத்துக்கு இன்னொரு முறை முழு அளவு கொடுப்பது ரொம்ப ஆபத்து. ஆடின பல்லைக்கூட முன்னாடியே பிடுங்கி, புண் ஆறவிட்டுத்தான் ஆரம்பிக்கணும். பிறகு பிடுங்கினா தாடை எலும்பு செத்துப்போகலாம்.

9/ வரிசையும் முக்கியம். மலக்குடல் கேன்சரில் ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோவோட கரண்ட் வைக்கிறதா, பின்னாடியா? 2004இல் வந்த ஜெர்மன் ஆய்வில் 5 வருஷத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது: முன்னாடி வச்சவங்களுக்கு 6%, பின்னாடி வச்சவங்களுக்கு 13%. ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனா அவசரமா ஆபரேஷன் முடிச்சிட்டு என்கிட்ட அனுப்பினா, ‘முன்னாடி’ என்ற வாய்ப்பே போயிடுச்சு. இதை அடிக்கடி பார்க்கிறேன்.

10/ கூட்டம் நடந்தாலே எல்லாம் சரியாகிடும்னு சொல்ல வரலை. ஒரு மணி நேரத்தில் இருபது கேஸ் ஓடுற கூட்டமும் உண்டு. சீனியர் சொன்னா மத்தவங்க தலையாட்டுற கூட்டமும் உண்டு. பெரிய குறை, அந்த அறையில் நோயாளி இல்லை. ஏழு வாரம் தினமும் அவர் எந்த பஸ்ஸில் வருவார், கூட யார் வருவாங்க, வேற என்ன நோய் இருக்கு, அவருக்கு எது முக்கியம்? இது தெரியாம எடுத்த முடிவு பேப்பரிலேயே நின்னுடும்.

11/ “இதுக்காகக் காத்திருந்தா நோய் பரவாதா டாக்டர்?” நியாயமான கேள்வி. மூச்சு அடைக்குது, ரத்தம் நிக்கலை, தண்டுவடம் நசுங்கி கால் வராம போகுது என்றால் யாரும் கூட்டத்துக்குக் காத்திருக்க மாட்டாங்க. மத்தபடி பெரும்பாலான கட்டிகளுக்குச் சில நாள் பொறுத்து சரியான வரிசையில் ஆரம்பிப்பதே நல்லது.

12/ சிகிச்சை ஆரம்பிக்கும் முன் இதைக் கேளுங்க:
• என் கேஸை ட்யூமர் போர்டில் பேசினீங்களா? யார் யார் இருந்தாங்க?
• வேற என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டீங்க?
• கரண்ட் நோயைக் குணமாக்கவா, வலியைக் குறைக்கவா?
• எத்தனை நாள்? பிறகு சாப்பிட, பேச, வேலைக்குப் போக முடியுமா?

13/ உங்க டாக்டருக்குத் தெரிய வேண்டியதையும் சொல்லுங்க. வீடு எவ்வளவு தூரம், வேலை என்ன, எதை இழக்க மனசு வராது, எல்லாம். “இவரு குரலை நம்பிப் பொழைக்கிறவர்” என்பதும் அந்த மேசைக்கு வர வேண்டிய தகவல்தான்.

14/ உங்க ஆஸ்பத்திரியில் இந்தக் கூட்டம் இல்லையா? ரிப்போர்ட், ஸ்கேன் சிடி, பயாப்சி சிலைடு எல்லாம் எடுத்துக்கிட்டு, கூட்டம் நடக்கிற இடத்தில் இன்னொரு கருத்து கேளுங்க. பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நடக்குது. இப்படிக் கேட்கிறது டாக்டரை அவமதிக்கிறது ஆகாது. அன்னைக்கு அந்த மேசையில் நாலு பேர் என்னைக் கேள்வி கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலை.