வைஃபை மிக்ஸிக்கு எந்த ஈஎம்சி தரம்? டெஸ்டிங் லேபுக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளில் கேட்டுப் பாருங்க. மிக்ஸியைப் போட்டாலே ரேடியோ கரகரன்னு இரையும் என்பார்கள். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தெறிக்கும் பொறிதான் காரணம். அந்த இரைச்சல் கரன்ட் வயர் வழியாகவே பரவி, சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையையும் கெடுக்கும்.

இதற்குக் கடிவாளம் போடுவதுதான் மின்காந்த இணக்கத் தரம், சுருக்கமாக ஈஎம்சி. ஒரு பொருள் பக்கத்துப் பொருளைத் தொந்தரவு பண்ணக் கூடாது. வெளியே இருந்து வரும் தொந்தரவில் தானும் படுத்துவிடக் கூடாது.

சரி, எந்தத் தரம்? முதலில் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கணும். சர்வதேச அளவில் இதை வகுப்பது 1934-ல் தொடங்கப்பட்ட சிஸ்பர் குழு. மிக்ஸி, கிரைண்டர் என்றால் சிஸ்பர் 14-1. எல்இடி விளக்குக்கு சிஸ்பர் 15. கம்ப்யூட்டர், டிவி வகையறாவுக்கு சிஸ்பர் 32. எதிலுமே அடங்காத பொருளா? அப்போதுதான் ஐஇசி 61000-6 என்ற பொதுத் தரம். பலர் நேராக இதற்கே ஓடுகிறார்கள், அது தப்பு.

அடுத்தது, எங்கே பயன்படுத்தப் போறாங்க? வீட்டுக்கு வரம்பு கடுமை, தொழிற்சாலைக்குக் கொஞ்சம் தளர்வு. அதே போர்டுதான், ஆனால் அம்பத்தூர் பட்டறையில் பாஸ் ஆனது அடையாறு ஃபிளாட்டுக்கு ஃபெயில் ஆகலாம்.

மிக்ஸியில் வைஃபை வைத்தால் கதை மாறும். ஐரோப்பாவில் அது வெறும் ஈஎம்சி சட்டத்தில் (2014/30/ஈயூ) வராது. ரேடியோ கருவிகளுக்கான 2014/53/ஈயூ-வுக்குள் போய்விடும். 14-1 அப்படியே இருக்க, இஎன் 301 489-ம் கூடவே சேரும். அமெரிக்கா என்றால் எஃப்சிசி பகுதி 15.

நம்ம ஊரில்தான் குழப்பம் அதிகம். பிஐஎஸ் கட்டாயப் பதிவு பெரும்பாலும் மின்பாதுகாப்பைத்தான் பார்க்கும், ஈஎம்சியை அல்ல. பிஐஎஸ் எண் இருக்கே, போதும்னு நினைத்தால் ஏமாற்றம்தான். வைஃபை, புளூடூத் இருந்தால் டபிள்யூபிசியின் ஈடிஏ ஒப்புதல் தனி. டெலிகாம் கருவி என்றால் டிஇசி சான்று. அதில் ஈஎம்சி சோதனை உண்டு. 2017 விதித் திருத்தத்தில் வந்து, 2019 அக்டோபரில் அமலான ஏற்பாடு இது. வாகனம் என்றால் ஏஐஎஸ்-004 பகுதி 3.

சோதனைக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், தரமணி சிஐடி வளாகத்திலேயே மத்திய அரசின் சமீர் மையம் இருக்கிறது. ஆனால் எந்தத் தரத்தில் சோதிக்கணும் என்று முடிவெடுப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. தப்பான தரத்தில் வாங்கிய ரிப்போர்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செல்லாது. ஃபீஸும் போச்சு, லாஞ்ச் தேதியும் போச்சு.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சான்று பெற்ற வைஃபை மாட்யூலைப் போட்டுவிட்டால் முழுப் பொருளும் பாஸ் என்பதும் இல்லை. மாட்யூலின் சான்று அதன் ரேடியோவுக்குத்தான், பக்கத்தில் நீங்கள் வைக்கும் மோட்டாருக்கும் பவர் சப்ளைக்கும் அல்ல.