உவர் வயலுக்கு மழை மட்டும் போதுமா?

“ஒரு நல்ல மாரி பெய்தால் உவர் போய்விடும்” என்பது கரையோரக் கமக்காரர் பலரின் நம்பிக்கை. மணல் நிலத்தில் இது பெரும்பாலும் சரியே. களி நிலத்தில் மழையை மட்டும் நம்பியிருத்தல் தவறு என்பது எமது கருத்து.

காரணம் களியின் இயல்பிலேயே உள்ளது. கண்ணுக்குப் புலப்படாத களித் துணிக்கைகள் தட்டுப் போன்றவை. அவற்றின் முகங்கள் மறை மின்னேற்றம் உடையவை. ஆதலின் மண்ணீரிற் கரைந்துள்ள கல்சியம், சோடியம் முதலிய நேர் ஏற்ற அயன்களை அவை தம்பால் இழுத்து வைத்துக்கொள்கின்றன. சில அயன்கள் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஏனையவை, தேன்கூட்டை மொய்க்கும் ஈக்களைப் போல, அண்மையில் நெருக்கமாகவும் அப்பால் ஐதாகவும் சூழ்ந்து நிற்கும். ஈரேற்றமுடைய கல்சியத்தின் படலம் மெல்லியது. எனவே துணிக்கைகள் நெருங்கித் திரளும், மண் பொலபொலப்பாகும். ஓரேற்றமுடைய சோடியத்தின் படலமோ தடித்தது.

கடல்நீர் புகுந்த வயலில் சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. எனினும் உப்பு மிகுந்திருக்கும் வரை கேடு தெரியாது. செறிந்த கரைசல் படலத்தை ஒடுக்கி வைத்திருக்கும். மழை பெய்து உப்பின் செறிவு நூறிலொன்றாகக் குறைந்தால், படலத்தின் தடிப்பு ஏறக்குறையப் பத்து மடங்காகும். துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து, நீரிற் கலங்கி, மண்ணின் நுண்டுளைகளை அடைத்துவிடும். பின்பு நீர் கீழிறங்காது. உப்பைக் கழுவ வந்த மழையே வயலை இறுக்கிவிடுகின்றது. நெல்லுக்குச் சேறு வேண்டியதுதானே என்பர் சிலர். அவ்வயலில் அடுத்து மிளகாய் நட்டவரைக் கேட்டுப் பாருங்கள்!

1953 பெப்ரவரியில் ஒல்லாந்தின் தென்மேற்குப் பகுதியைக் கடல் மூடியபோது, அங்குள்ளோர் தம் களி நிலங்களுக்கு ஜிப்சம் இட்டனர். அதிலுள்ள கல்சியம் சோடியத்தைப் பெயர்க்க, மழை அதனைக் கழுவிச் சென்றது. சுண்ணக்கல் தூளிலும் கல்சியம் உண்டு. ஆயினும் அது எளிதிற் கரைவதில்லை.

ஐயமுடையோர் இரண்டு போத்தல்களில் ஒவ்வொரு பிடி வயல் மண் இட்டு, மழைநீர் வார்த்துக் குலுக்குக. மண் அடைந்தபின் மேல்நீரை இறுத்து, மீண்டும் மழைநீர் வார்க்க. இருமுறை இவ்வாறு செய்து, ஒன்றில் மட்டும் சிறிது ஜிப்சத் தூள் சேர்த்துக் குலுக்கி, ஒரு நாள் வைக்க. ஜிப்சம் இட்டது தெளிந்து மற்றது கலங்கியே நின்றால், கேடு சோடியத்தாலேயே. இரண்டும் தெளிந்தால் ஜிப்சத்துக்குப் பணம் செலவிட வேண்டாம். சிப்பி கலந்த மண்ணில் இவ்வாறு நேர்வதுண்டு.

இடவேண்டுமாயின் பெரும்போக மாரிக்கு முன்னரே இடுக; அளவை மண் பரிசோதனையால் அறிக. அதற்கும் முன்னர் வடிகாலை வெட்டுக. பெயர்ந்த சோடியம் வெளியேற வழியில்லையேல் ஜிப்சமும் வீணே.