முற்றத்தில் நின்றவர் எழுதியபோது

ஒடுக்கப்பட்டோரைப் பற்றிப் பிறர் எழுதுவது ஒன்று. ஒடுக்கப்பட்டோர் தாமே எழுதுவது மற்றொன்று. முன்னதில் இரக்கம் மேலோங்கி நிற்கும். பின்னதில் உரிமைக் குரல் ஒலிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைத் தமிழிலக்கியம் கடந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குத் தனியிடம் உண்டு. அவ்வரலாற்றை இவ்வாரம் சிறிது நோக்குவோம்.

சைவர் இல்லங்களில் நந்தனார் கதையை அறியாதார் இலர். ஆலயத்து முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்த தொண்டர் அவர் என்று 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பாடினார். அவர் அளித்த தோல் உள்ளே சென்று முழங்கிற்று. அளித்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. தில்லையிலோ, தீயில் மூழ்கி முனிவர் கோலத்தோடு எழுந்த பின்னரே அவர் உட்புக முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாகப் பாடியபோது, சேக்கிழாரிடத்தில் இல்லாத பண்ணை வேதியர் ஒருவரைப் புகுத்தினார். தடுப்பவனுக்கும் ஒரு முகம் கிடைத்தது. ஆயினும், மாறவேண்டியவர் வெளியே நின்ற தொண்டரா, அவரை வெளியே நிறுத்திய வழக்கமா என்னும் வினா நெடுங்காலம் உரத்துக் கேட்கப்படவில்லை.

அவ்வினாவை ஏட்டிலன்றி வீதியிலே எழுப்பியவர்கள் யாழ்ப்பாணத்து உழைக்கும் மக்கள். ஊர்க் கிணற்றிலே தாமாக நீர் அள்ள அவர்களுக்கு உரிமையில்லை. பிறர் வந்து வார்க்கும்வரை காத்து நிற்றல் வேண்டும். தேநீர்க் கடையிலே மற்றையோருக்குப் பேணி. அவர்களுக்குப் போத்தலும் சிரட்டையும். பாடசாலையிலே மற்றைப் பிள்ளைகளுக்கு வாங்கு. அவர்தம் பிள்ளைகளுக்கு வெறுந்தரை. 1924ஆம் ஆண்டில் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகித் தீண்டாமையைக் கண்டித்தது. 1920களின் இறுதியில் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது எழுந்த எதிர்ப்போ பெரிது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் தடுத்தல் குற்றமென விதித்தது. சட்டம் ஏட்டில் ஏறிற்று. ஆயினும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடி அதனை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருப்பெற்றது. சங்கானை, நிச்சாமம் முதலிய ஊர்களில் தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தன. இப்போராட்டங்களில் உயிர் நீத்தோரும் உளர்.

இக்காலப் பகுதியிலேயே எழுதுகோலும் கைமாறிற்று. டொமினிக் ஜீவா, சிறுவனாய் இருக்கையிலே ஆசிரியர் ஒருவர் கூறிய சாதியிழிவுச் சொல் தாங்காது பள்ளியைத் துறந்தவர். முடிதிருத்தும் நிலையத்திலே தொழில் செய்துகொண்டே அவர் கற்றார், கதைகளும் எழுதினார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்கு 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மணம் வீசிற்று. ஒரு வகுப்பறை வெளியே தள்ளிய சிறுவனை எழுத்துலகம் ஆசிரியனாக ஏற்றுக்கொண்ட செய்தி இது. ஆசிரியத் தொழில் புரியும் எம்போல்வார் இதனை நாடோறும் நினைத்தல் நன்று.

ஆனால் எழுத்துலகிலும் ஒரு வாயில் இருந்தது. வயலிலும் பனங்கூடலிலும் வழங்கும் பேச்சுமொழி கதைகளிலே இடம்பெற்றபோது, 1960களின் தொடக்கத்தில், இஃது ‘இழிசனர் வழக்கு’ என்றனர் மரபு போற்றிய பண்டிதர் சிலர். கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளர் முற்போக்கு எழுத்தாளர் பக்கம் நின்று வாதிட்டனர். மரபுப் போராட்டம் என்று இன்று பாடநூல்களிலே நாம் கற்பிப்பது இதனையே. அது வெறும் இலக்கணப் பூசலன்று. கிணற்றிலே கைவைக்கக் கூடாது என்ற குரலுக்கும், இலக்கியத்திலே வாய்திறக்கக் கூடாது என்ற குரலுக்கும் உறவு இல்லையென்று எவ்வாறு கூறுவது?

இவ்விடத்து என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதையைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. அதிலே வரும் பெரியவர் கொடியவர் அல்லர்; மேடைகளிலே நல்லன பேசுபவர். தாழ்த்தப்பட்டோர் சிலர் அவரைக் காண வருகின்றனர். உள்ளே அழைத்தால் வீட்டார் வழக்கம் கெடும். வெளியே போகச் சொன்னால் தமது பெயர் கெடும். ஆகவே நிலவின் அழகைச் சுட்டி, வெளியிலே இருந்து பேசலாமென அழைத்துச் செல்கின்றார். அடி இல்லை; வசவும் இல்லை. இனிய சொல்லாலே வாயில் சாத்தப்படுகின்றது. வெளியே நின்று பார்த்தவனுக்கே இந்த நுட்பம் புலப்படும். உள்ளேயிருந்து எழுதியவர் கண்ணுக்கு அது விருந்தோம்பலாகவே தோன்றியிருக்கக் கூடும்.

அதே ரகுநாதன் மாவிட்டபுரப் போராட்டத்தைக் கருவாக்கி எழுதிய ‘கந்தன் கருணை’, காத்தவராயன் கூத்துப் பாணியிலே மேடையேறி மக்களைக் கவர்ந்தது. அங்கே அடியவரைத் தீயினுள் இறக்கும் பேச்சு இல்லை. கந்தன் கருணை போராடுவோர் பக்கம் நிற்கின்றது. நந்தனார் கதை எழுப்பாது விட்ட வினாவுக்குச் சமயத்தின் உள்ளிருந்தே கிடைத்த விடையென இதனைக் கொள்ளலாம். 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலோ அப்போராட்டக் காலத்தையே விரித்துக் காட்டிற்று. அடுத்தடுத்து அவர் எழுதிய நாவல்கள், பிற்காலத்தில் தலித் இலக்கியம் எனப் பெயர் பெற்ற துறைக்கு முன்னோடியாய் அமைந்தன.

இவையெல்லாம் பழங்கதை என்று அமைதி கொள்ளலாமா? 2018ஆம் ஆண்டில், தென்மராட்சிப் பகுதி ஆலயம் ஒன்றிலே தேரை இயந்திரம் கொண்டு இழுத்தனர் என்றும், எல்லோரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்றும் செய்திகள் வந்தன. ஆட்பற்றாக்குறையே காரணமென மறுப்பும் வந்தது. இத்தகைய செய்தியைப் படித்து எல்லோரும் வருந்துகின்றோம். ஆனால் வருந்திய கையாலேயே ஞாயிற்றுப் பத்திரிகையின் மணமக்கள் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பட்டம், தொழில், வெளிநாட்டு வதிவுரிமை ஆகியவற்றோடு சாதியின் பெயரும் அங்கே அடக்கமாய் அமர்ந்திருக்கக் காணலாம். ‘பஞ்சமர்’ பற்றிக் கட்டுரை எழுதிச் சிறப்புச் சித்தி பெற்ற பிள்ளைக்கே அவ்விளம்பரம் எழுதப்பட்டிருத்தலும் கூடும். நிலா முற்றத்து உபசாரம் இன்னும் முடியவில்லை.

மாணவர்களுக்கு நாம் கூறுவது இது: இந்நூல்களைப் பரீட்சை வினாவுக்காக மட்டும் படியாதீர்கள். கதையிலே நாம் எங்கே நிற்கின்றோம், முற்றத்திலா வீட்டினுள்ளா என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். பெற்றோருக்குக் கூறுவது அதனினும் சிறிது. தோட்டத்தில் வேலை செய்ய வருபவருக்கு எந்தப் பேணியில் தேநீர் போகின்றது, எந்த இடத்தில் அவர் அமர்கின்றார், மகன் அழைத்துவரும் நண்பனிடம் ஊரையும் பெயரையும் கேட்ட பின் ஏன் மூன்றாவது வினா ஒன்று எழுகின்றது என்பனவற்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். நாம் வகுப்பறையில் ஓராண்டு கற்பிப்பதை அந்தப் பேணி ஒரே நாளில் அழித்துவிடும், அல்லது உறுதிப்படுத்திவிடும்.