ஆய்வகம் யாருக்கு? இளநிலை அறிவியல் கல்வியும் ஆய்வுத் திட்டங்களும்

2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று பதிவு செய்தது. நாட்டில் இதுவரை பதிவான வெப்பத்திலேயே இதுதான் உச்சம் என்று அன்று மாலையே செய்தி பரவியது. நகரின் மற்ற நிலையங்கள் காட்டியதோ அதைவிடப் பல டிகிரி குறைவு. வானிலைத் துறை வல்லுநர் குழுவை அனுப்பி, தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் உணரி சுமார் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று சில நாட்களில் அறிவிப்பு வந்தது.

மூன்று டிகிரியைக் கழித்த பிறகும் எஞ்சுவது ஏறத்தாழ 50. அந்த வெயிலில் சாரத்தின் மீது நின்று செங்கல் தூக்கிய தொழிலாளியின் அருகில் எந்த உணரியும் இல்லை. தகரக் கூரையின் கீழ் தையல் எந்திரம் மிதித்த பெண்ணின் அருகிலும் இல்லை. இந்நிகழ்வு இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. ஒரு கருவி சொல்வதை எப்போது நம்பலாம்? யாருடைய வெப்பம் அளக்கப்படுகிறது, யாருடையது அளக்கப்படுவதில்லை?

இவ்விரண்டும் முதலாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் தம் கையால் விடை தேடக்கூடிய கேள்விகள். பனிக்கட்டி உருகும் நிலையிலும் நீர் கொதிக்கும் நிலையிலும் வைத்து ஒரு வெப்பமானியைச் சரிபார்த்துவிடலாம். கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதை மாணவர் அங்கேயே தட்டுத் தடுமாறிக் கண்டுகொள்வார். பாடநூலில் பத்து முறை படித்ததைவிட அது ஆழமாகப் பதியும். இன்னொரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றினால் ஈரக்குமிழ் வெப்பநிலை கிடைக்கும். வியர்வை ஆவியாகி உடல் எவ்வளவு குளிர முடியும் என்பதை இந்த எண் சொல்லும். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் அசையாமல் இருக்கும் ஆரோக்கியமான உடலும் நெடுநேரம் தாங்காது என்பது கோட்பாட்டு வரம்பு. உழைக்கும் உடலுக்கு ஆபத்து அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு வெப்பமானிகளையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு பத்து மாணவர்கள் ஒரு மாதம் பணியிடங்களுக்குச் சென்று வந்தால் கிடைக்கும் தரவு, எந்தத் தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசையிலும் எடைபோடும்.

இப்படிப்பட்ட கல்வி ஏன் நடப்பதில்லை? நாட்டின் சாதாரணக் கல்லூரிகளில் செய்முறை வகுப்பு என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஊசலை ஆட்டி ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையில் விடை 9.8 என்று மாணவருக்கு முன்பே தெரியும். ஆகவே அவர் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, ரெக்கார்டு நோட்டில் ‘ரீடிங்’ எழுதுகிறார். வேதியியல் தேர்வில் கொடுக்கப்படும் உப்பு எது என்பது தேர்வு மேசைக்கு வருமுன்பே கசிந்துவிடுகிறது. தம் அளவீட்டில் 9.3 வந்தது, ஏன் வந்தது என்று தேடிப்பார்த்தேன் என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறையும், 9.8 என்று பொய்யெழுதியவருக்கு முழு மதிப்பெண். அறிவியலின் பெயரால் நேர்மையின்மை பயிற்றுவிக்கப்படுகிறது என்பதுதான் இதன் பொருள். குற்றம் மாணவருடையதல்ல. ஒரே கருவிக்கு முன் எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது, ஆறு மாதத்துக்கு மட்டும் பணி நியமனம் பெற்ற ஆசிரியர் எதைத்தான் சொல்லிக் கொடுப்பார்?

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி, அறிவியல் பிரிவில் இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை படிப்போர் 57 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெண்கள் ஆண்களைவிட அதிகம். பல குடும்பங்களில் முதல் பட்டதாரிகளாக வரும் இந்தப் பெரும் கூட்டத்துக்குக் கிடைப்பது பின்னோக்கி எழுதப்பட்ட ரெக்கார்டு நோட்டு. நாட்டில் ஏழு இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே இளநிலையிலேயே உண்மையான ஆய்வு நடக்கிறது. ஆனால் அங்கு இடம்பெறுவோர் இந்த 57 லட்சத்தில் மிகச் சிறிய பகுதி. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004இல் தொடங்கிய தேசிய இளநிலை அறிவியல் முன்முயற்சி மதிக்கத்தக்க பணி. அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கானதே. இன்ஸ்பயர் உதவித்தொகை பள்ளி இறுதித் தேர்வில் உச்சத்தில் நிற்கும் ஒரு விழுக்காட்டினரைத் தேடிப் போகிறது. 1999இல் தொடங்கிய கிஷோர் வைக்யானிக் புரோத்சாஹன் யோஜனா 2022இல் அதனுள் கரைக்கப்பட்டுவிட்டது. திறமை எங்கோ ஏற்கெனவே முளைத்திருக்கிறது, அதைப் பறித்தெடுத்தால் போதும் என்ற பார்வையே இத்திட்டங்கள் அனைத்தின் அடித்தளம்.

இந்தப் பார்வையைத் தாண்டிச் செல்லக்கூடிய ஒரு வாய்ப்பு தில்லிப் பல்கலைக்கழகத்தில் வந்தது. வந்து கைநழுவியும் போனது. 2012இல் அப்பல்கலைக்கழகம் ‘புத்தாக்கத் திட்டங்கள்’ என்ற பெயரில் கல்லூரிகளுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. வெவ்வேறு துறை ஆசிரியர்களும் பட்டப்படிப்பு மாணவர்களும் ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்து ஆராய வேண்டும் என்பது ஏற்பாடு. முதுநிலைத் துறைகளுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட ஆராய்ச்சி, கல்லூரி வாசலுக்கு வந்தது. மாணவர் ஆய்வுகளை வெளியிடத் தனி இதழும் 2015இல் தோன்றியது. இந்த ஏற்பாட்டில் உழைத்த ஆசிரியர்களும் மாணவர்களும் கற்றுக்கொண்டதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அதே நிர்வாகம் 2013இல் ஆசிரியர், மாணவர் எதிர்ப்பை மிதித்துக்கொண்டு நான்காண்டுப் பட்டப்படிப்பைத் திணித்தது. பதினொரு அடிப்படைப் பாடங்களைக் கட்டாயமாக்கி, பாடத்துறையின் ஆழத்தை வெட்டியது. 2014 ஜூனில் போராட்டத்தின் அழுத்தத்தாலும் யு.ஜி.சி.யின் ஆணையாலும் அது திரும்பப் பெறப்பட்டது. புத்தாக்கத் திட்டங்களோ 2015-16 சுற்றுக்குப் பின் அந்த வேகத்தில் தொடரவில்லை. ஒரு துணைவேந்தரின் காலத்தோடு பிறந்து தேயும் எதுவும் கல்விச் சீர்திருத்தம் ஆகாது. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பணியிடங்கள் அட்-ஹாக் ஆசிரியர்களால் நிரப்பப்பட்டிருந்தன. 2019 டிசம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவுக்கு வந்தபோது அவர்களின் எண்ணிக்கை சுமார் 4,500 என்று பேசப்பட்டது. அடுத்த பருவத்தில் தாம் இருப்போமா என்று தெரியாத ஆசிரியர், இரண்டு ஆண்டு நீளும் ஆய்வுக் கேள்வியை மாணவரிடம் எப்படிக் கொடுப்பார்?

இந்த அனுபவத்தைக் காட்டி, திட்டவழிக் கற்றல் என்பதே நவதாராளமய ஏமாற்று என்று ஒதுக்கும் போக்கு இடதுசாரி வட்டாரங்களிலும் உண்டு. அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ‘புத்தாக்கம்’ என்ற சொல் இன்று ‘ஸ்டார்ட்அப்’ என்ற சொல்லோடு சேர்ந்தே வருகிறது. பொறியியல் கல்லூரிகள் மிகுந்த நகரங்களில் இறுதியாண்டு ‘புராஜெக்ட்’ விற்கும் கடைகளே இருக்கின்றன. பணம் கொடுத்தால் அட்டை போட்டு, தங்க எழுத்து பொறித்துக் கிடைக்கும். ஆனால் மறுபாதி தவறு. மனப்பாடத்தையும் பின்னோக்கிய ரீடிங்கையும் பாதுகாப்பது இடதுசாரி வேலையல்ல. செய்து கற்கும் அறிவியலை மக்களிடம் கொண்டு சென்ற வரலாறே இங்கு முற்போக்காளர்களுடையது.

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழக, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் அதில் தோள்கொடுத்தனர். வயலில், குளத்தில், வகுப்பறைத் தரையில் குழந்தைகள் சோதனை செய்தார்கள். மலிவான கருவிப்பெட்டி ஒவ்வொரு பள்ளிக்கும் போனது. புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. கிராமப் பள்ளி ஆசிரியர் பல்கலைக்கழகப் பேராசிரியரோடு சமமாக அமர்ந்து பாடநூலைத் திருத்தினார். 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. சுமார் ஆயிரம் பள்ளிகள் வரை அது பரவியது. 2002இல் மாநில அரசு அதை மூடியது. மூடியது பாஜக அரசல்ல, காங்கிரஸ் அரசு என்பதையும் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு நடந்த ஒன்றைச் சாத்தியமில்லாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பள்ளியில் நடந்தது கல்லூரியில் ஏன் நடக்கக்கூடாது?

புதிய கல்விக் கொள்கை தன்னை இந்த மரபின் வாரிசாகக் காட்டிக்கொள்கிறது. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பு என்ன சொல்கிறது? முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம்; 12 மதிப்பலகுக்கு ஆய்வேடு எழுதலாம். முதலாண்டு முடிவில் சான்றிதழ், இரண்டாமாண்டு முடிவில் டிப்ளமா வாங்கிக்கொண்டு மற்றவர்கள் வெளியேறவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. அதாவது ஆய்வு என்பது வடிகட்டியின் மறுபக்கத்தில் வைக்கப்பட்ட பரிசு. இரண்டு பேருந்து மாறி வந்து, மாலையில் வேலைக்கும் போய், 64 விழுக்காடு வாங்கும் மாணவிக்கு ஒரு சொந்தக் கேள்வியை ஆராயும் தகுதி இல்லை என்று கட்டமைப்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. உண்மையில், மனப்பாடத் தேர்வில் பின்தங்கும் பலரே கருவியைக் கையில் எடுத்தால் முன்னே வருகிறார்கள். இது ஆய்வகத்தில் நின்ற எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

முதல் மூன்று ஆண்டுகளில் நடப்பது இன்னும் மோசம். விழுமியக் கல்வி, திறன் மேம்பாடு, பல்துறை அறிமுகம் என்று மதிப்பலகுகள் பங்கு பிரிக்கப்பட, இயற்பியலும் வேதியியலும் சுருங்குகின்றன. ‘இந்திய அறிவு மரபு’ என்ற பெயரில் வரும் சரக்கு தனிக் கட்டுரைக்கு உரியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்வியாண்டில் நான்காம் ஆண்டு தொடங்கியபோது கூடுதல் வகுப்பறை எங்கே, கூடுதல் ஆசிரியர் எங்கே என்று ஆசிரியர் அமைப்புகள் கேட்டன. அந்த ஆண்டில் ஆய்வேட்டுக்கு இணையாகத் ‘தொழில்முனைவு’ வைக்கப்பட்டிருப்பது கொள்கையின் திசையைக் காட்டுகிறது.

பணக் கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு என்று அரசின் சொந்தப் புள்ளிவிவரமே ஒப்புக்கொண்டது. 2022 ஜூலையில், பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகை பறிக்கப்பட்டது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை ஆய்வக வேதிப்பொருட்களின் சுங்க வரியை 10 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக உயர்த்தியது. அறிவியலாளர்கள் கொதித்தெழுந்ததால், ஆய்வகத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் சில நாட்களில் அது பின்வாங்கப்பட்டது. ஒரு கையால் புத்தாக்கம் பற்றிச் சுற்றறிக்கை எழுதிக்கொண்டு மறு கையால் சோதனைக் குழாயின் விலையை ஏற்றும் அரசு இது.

எனவே இடதுசாரி மாணவர், ஆசிரியர் அமைப்புகள் வைக்க வேண்டிய கோரிக்கை, ஆய்வுத் திட்டம் வேண்டாம் என்பதல்ல. வடிகட்டாமல் வேண்டும் என்பதே. மூன்றாண்டுப் படிப்புக்குள்ளேயே, இரண்டாம் ஆண்டிலிருந்து, ஒவ்வொரு அறிவியல் மாணவரும் குழுவாகச் சேர்ந்து ஓர் உண்மையான கேள்வியை ஆராயப் பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். அதற்கான நிதி ஒரு துணைவேந்தரின் விருப்பமாக இல்லாமல் கல்லூரியின் ஆண்டு ஒதுக்கீடாக வர வேண்டும். ஆய்வேட்டை மாணவர் தம் தாய்மொழியில் எழுத உரிமை வேண்டும். விடை சரியா என்பதைவிடப் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டதற்கே மதிப்பெண் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, நிரந்தர ஆசிரியரும் நிரந்தர ஆய்வகப் பணியாளரும் வேண்டும். ஆய்வகப் பணியாளர் பற்றி எந்தக் கல்விக் குழு அறிக்கையும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. ஆனால் எந்தத் தராசு ஒட்டிக்கொள்ளும், எந்த அமிலம் நீர்த்துப்போயிருக்கிறது என்று அறிந்தவர் அவரே. அந்த இடங்கள்தான் முதலில் ஒப்பந்தமயமாகின.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வஜீராபாத் நீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. யமுனையில் அம்மோனியா கூடும் போதெல்லாம் அங்கே உற்பத்தி குறைகிறது. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் வரிசை நீள்கிறது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தரம்பார்த்தல் முறையில் கணக்கிடுவது கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது. அந்த மாதிரி நீரை வேதியியல் மாணவர் யமுனையிலிருந்து எடுத்து வரலாம்; விலங்கியல் மாணவர் அதில் எந்த உயிர்கள் எஞ்சியிருக்கின்றன என்று பார்க்கலாம்; புள்ளியியல் மாணவர் வாரந்தோறும் வரும் எண்களை அடுக்கலாம்.

வெப்பத்தை அளக்கும் வேலைக்கோ எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கோடை தொடங்குமுன் ஒரு கட்டுமானத் தொழிலாளர் சங்கக் கிளையும் ஒரு கல்லூரியின் இயற்பியல் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். எந்த நேரத்தில், எந்தத் தளத்தில், எத்தனை நாள் அளப்பது என்று திட்டமிடலாம். காலை பத்து மணி, பிற்பகல் இரண்டு மணி, மாலை ஐந்து மணி. உலர் குமிழ், ஈரக்குமிழ். அன்று எத்தனை பேர் மயங்கினார்கள், தண்ணீர் எவ்வளவு தொலைவில் இருந்தது. முதல் வாரத்தின் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். வெப்பமானியைப் பனிக்கட்டியில் வைத்து மீண்டும் சரிபார்த்துவிட்டு இரண்டாம் வாரத்தைத் தொடங்க வேண்டும்.