உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

குமரி மாவட்டத்துப் பெற்றோர்களுக்கும், பலசரக்குக் கடைக்காரர்களுக்கும், ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கும்,

புத்தளத்திலும் சாமித்தோப்பிலும் உப்பளம் இருக்க, குமரிக்காரர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. “பக்கத்தில் கடல், தினமும் மீன்கறி, நமக்கெதற்குத் தனியாக அயோடின்?” என்ற நினைப்பு இங்கே வேரோடிக் கிடக்கிறது. கடல்மீனில் அயோடின் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாத்தியில் கடல்நீர் வற்றி விளையும் உப்பில் அது பெயருக்குத்தான் மிஞ்சும். கடையில் விற்கும் சமையல் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனியாகச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும்.

2018–19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் நமக்குத்தான் கடைசி இடம். உப்பு விளையும் தூத்துக்குடியை வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது வெட்கக்கேடு.

கழுத்தில் கழலை தெரிந்தால்தான் அயோடின் குறைவு என்று பலரும் நினைக்கிறோம். கழலை வெளியே தெரிவது, தெரியாததுதான் அதிகம். தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டே ஹார்மோன் செய்கிறது. வயிற்றுப்பிள்ளையின் மூளையும், பிறந்த பிள்ளையின் எலும்பும் அந்த ஹார்மோனை நம்பி வளர்கின்றன. கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், பள்ளிப் பிள்ளைக்கு 120. ஆயுளுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி நிறையாது. கர்ப்பத்தில் அது கடுமையாகக் குறைந்தால் பிள்ளைக்கு வளர்ச்சி குன்றலாம், காது கேளாமல் போகலாம், அறிவு மந்தப்படலாம். பிறகு எதைக் கொடுத்தாலும் முழுதாக மீளாது.

நம் ஊருக்கென்று மரச்சீனிக்கிழங்கு இருக்கிறது. அதிலுள்ள சயனைடு, உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்குப் போகும் அயோடினை மறிக்கும். அயோடின் போதுமான அளவு இருந்தால் பயப்பட வேண்டாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பாட்டிமார் கிழங்கை நறுக்கி, நிறைய வெள்ளத்தில் வேகவைத்து, அந்த வெள்ளத்தை வடித்துக் கொட்டுவார்கள். சயனைடில் பெரும்பங்கு அதோடு போய்விடும். குக்கரில் அளவாக வெள்ளம் விட்டு வற்றவைக்கிறவர்கள் பாட்டி வழிக்குத் திரும்புங்கள். கிழங்கையும் மீன்கறியையும் விடச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

துத்தநாகமும் அயோடினைப் போலத்தான், குறைந்தால் வளர்ச்சி குன்றும். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில், பத்து வயதுப் பையனைப் போலிருந்த 21 வயது இளைஞன் ஒருவனை இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் பார்த்தார். அங்கிருந்து தொடங்கிய ஆய்வுதான், துத்தநாகம் குறைந்தால் மனித வளர்ச்சி தடைப்படும் என்பதைக் காட்டியது. வயிற்றுப்போக்கில் இந்தத் தாது உடம்பைவிட்டுப் போகும். அதனால்தான் ஓ.ஆர்.எஸ். பொடியோடு துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். வயிற்றுப்போக்கு நின்றதும் மாத்திரையை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். 14 நாளும் கொடுங்கள்.

மறுபடி உப்புக்கு வருவோம். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. பொட்டலத்தைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். கல்லுப்பைக் கழுவிப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அயோடின் கழுவிய தண்ணீரோடு போய்விடும். மூடிய டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் வைத்தியர்கள் புகழும் இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படாவிட்டால் பிள்ளைகளுக்கு அதை அன்றாட உப்பாக்காதீர்கள். அயோடினுக்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம். அளவு கூடினால் இரத்த அழுத்தம் வரும்.

கடைக்கார அண்ணாச்சிமாரே, மூட்டையிலிருந்து அளந்து விற்கும் சாதா உப்பைச் சமையலுக்கென்று கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள். நான்கு வயதைத் தாண்டிய பிள்ளை வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால், “அப்பன் குட்டைதானே” என்று விட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். அடுத்த பள்ளி விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்து ஆசிரியர்கள், பெற்றோர்கள் சிலர்