இல்லறக் குறிப்புகள்: வான்கோழியின் உள்ளே பனிக்கட்டி உளதா?

கிறிஸ்துமஸ் பண்டிகையை முன்னிட்டு, நம் சங்கத்துக் குடும்பங்கள் சில, உறைந்த முழு வான்கோழியைக் கடையில் வாங்குவதுண்டு. ஊரில் அன்று அறுத்த கோழியை அன்றே சமைத்துப் பழகிய நமக்கு இது புதிது. ஆதலின் இத்திங்கள் அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

தோல் மெத்தென்று இருப்பது கொண்டு உள்ளும் இளகிவிட்டது என்று எண்ணுதல் தகாது. பனிக்கட்டி இறுதியாகக் கரைவது வயிற்றுக் குழியிலும் தொடை மூட்டிலும் மார்புச் சதையின் ஆழத்திலுமே. குழிக்குள் கைவிட்டுப் பாருங்கள். விரலில் பனித்துகள் நெருடினாலோ, உள்ளிருக்கும் ஈரல், கழுத்துப் பொட்டலம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தாலோ, இன்னும் இளகவில்லை என்று அறிக. கால்கள் எளிதில் மடங்க வேண்டும். மார்பிற் குத்திய முள்கரண்டி தடையின்றி இறங்க வேண்டும். சோதித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக.

இத்துணைக் கவனம் ஏன்? சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உறைவதனால் அழிவதில்லை. பெருகாமல் கிடக்கின்றன, அவ்வளவே. உள்ளே பனிக்கட்டி இருக்க அடுப்பேற்றினால், புறம் சிவந்து மணக்கும். எலும்பையொட்டிய இறைச்சியோ பச்சையாகவே நிற்கக்கூடும். குழந்தைகளும் முதியோரும் நோயுற்றால், உற்றார் அருகிலில்லாத அயலூரில் நம் பாடு பெரும்பாடு. கொதிக்கும் எண்ணெயில் இட்டாலோ, பனிக்கட்டி நீராவியாகி எண்ணெயைப் பொங்கச் செய்து தீ விபத்தும் நேரலாம்.

குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், ஒரு தாம்பாளத்தில் வைத்து இளக்குவதே சிறந்தது. 2 கிலோவுக்கு 1 நாள் வீதம், 6 கிலோப் பறவைக்கு 3 நாட்கள் வேண்டும். அவசரமெனில், நீர் புகாத உறையிலிட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுக. கிலோவுக்கு 1 மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அவ்வாறு இளகியதை உடனே சமைத்தல் வேண்டும். இரவு முழுதும் மேடையில் வைத்தலும், வெந்நீரில் இடுதலும் ஆகா.

விருந்தினர் வரும் வேளையிலும் பனிக்கட்டி எஞ்சியிருப்பின் அஞ்ச வேண்டா. பேக்கிங் அடுப்பில் கூடுதல் நேரம் வேக விடுக. முற்றும் உறைந்ததற்கு வழக்கத்தினும் ஒன்றரை மடங்கு நேரமேனும் பிடிக்கும். எவ்வாறாயினும், தொடையின் உட்புறத்திலும் மார்பின் பருத்த இடத்திலும் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்டிய பின்னரே பரிமாறுக. விருந்து சற்றுத் தாமதித்தலாற் குறையொன்றுமில்லை.