இல்லத்தில் வேரூன்றட்டும் நம் விசுவாசம்

புதிய ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் நம் ஆலயங்கள் நிறைந்து வழிகின்றன. டிசெம்பர் 31ஆம் திகதி இரவு நடைபெறும் நன்றி வழிபாட்டிற்கும் திருப்பலிக்கும், ஆண்டு முழுவதும் ஆலயப் பக்கம் வராதவர்கள்கூட வருகின்றார்கள். வெளியூரில் தொழில் புரியும் பிள்ளைகளும் அன்றைய இரவு பெற்றோருடன் ஒரே வாங்கில் அமர்ந்து செபிக்கின்றார்கள். இறைவனுக்கு நன்றி கூற வேண்டிய காட்சியே அது. எனினும், பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் அதே ஆலயத்திற்குச் சென்றால், அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றார்கள் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. விசுவாசம் ஒரே இரவில் பெருகி மறுவாரமே வற்றிவிடுகின்ற மழைவெள்ளமாக இருக்கலாகாது. அது ஆழம் காண வேண்டுமானால், புத்தாண்டில் நாம் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் நமது வீடு என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

ஆண்டின் முதல் நாளைத் திருச்சபை, மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றது. 431ஆம் ஆண்டு கூடிய எபேசு பொதுச்சங்கம் அன்னைக்கு உறுதிப்படுத்திய பெயர் அது. அன்றைய நற்செய்தியில் இரு வகையினரைச் சந்திக்கின்றோம். முதலாவது வகையினர் இடையர்கள். விரைந்து வந்தார்கள், குழந்தையைக் கண்டார்கள், இறைவனைப் புகழ்ந்துகொண்டு திரும்பிச் சென்றார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி உண்மையானது. மற்றவர் மரியா. நடந்தவை அனைத்தையும் உள்ளத்தில் இருத்தி, அவற்றைக் குறித்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என லூக்கா எழுதுகின்றார். இடையர்கள் அந்த இரவுடன் நற்செய்தியிலிருந்து மறைந்துவிடுகின்றார்கள். மரியாவோ நாசரேத்தூரின் சிறிய வீட்டில் அந்த நினைவைப் பல ஆண்டுகள் காத்து, இறுதியில் கல்வாரிச் சிலுவையின் அடியிலும் நின்றார். விழாக் காலத்து மகிழ்ச்சிக்கும் வேரூன்றிய விசுவாசத்திற்கும் உள்ள தூரத்தை இது காட்டுகின்றது.

நம் நாட்டுக் கத்தோலிக்கரின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் கைமாறின. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதும் கடும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அரச சட்டத்திற்குப் பணிந்து தம் பிள்ளைகளின் பெயரை ஆட்சியாளரின் தேவாலயத்தில் பதிந்தவர்கள் பலர். ஆயினும் அந்த வீடுகளின் கதவுகள் மூடப்பட்ட பின், உள்ளே செபமாலை ஒலித்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், நிலையாகத் தங்கிப் பணிபுரியக் குருக்கள் இல்லாத நிலையில், ஒரு முழுத் தலைமுறை பிறந்து வளர்ந்தது. அவர்களுக்கு விசுவாசத்தை ஊட்டியவர்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாருமே.

1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த புனித யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் இம்மண்ணை வந்தடைந்தபோது, அவர் வெறுமையான வயலைக் காணவில்லை. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்ற அவர், அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் எனக் கூறப்படுகின்றது. யாழ்ப்பாணத்தின் சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர்களுள் ஒன்று. தாம் செல்லுமிடமெல்லாம் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நியமித்து, குருவானவர் வர இயலாத நாட்களிலும் மக்கள் கூடிச் செபிக்க அவர் வழிவகுத்தார். அவருக்குப் பின் 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றி, விசுவாசத்தை மக்களின் சொந்த மொழியில் அவர்கள் கைகளில் கொடுத்தார். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் 1806இல் ஆங்கிலேயர் ஆட்சியில் நீக்கப்படும் வரை விசுவாசம் அணையாதிருந்ததற்கு, குருக்களின் தியாகத்துடன் இல்லங்களின் செபமும் காரணமாகும்.

இது பழங்கதை எனத் தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்துவந்த ஞாயிறு திருப்பலியை மக்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்தே கண்டனர். 2020இல் கொரோனாத் தொற்றினால் ஆலயங்கள் மீண்டும் மூடப்பட்டன. பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும் வீட்டிற்குள்ளேயே கழிந்தன. அந்நாட்களில், முன்னரே ஒன்றாகச் செபித்துப் பழகிய குடும்பத்திற்குத் தன் வீடே ஆலயமாயிற்று. அப்பழக்கம் இல்லாத குடும்பத்திற்குத் தொலைக்காட்சியை நிறுத்தியதும் அனைத்தும் நின்றுபோயிற்று. குடும்பத்தை இல்லத் திருச்சபை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அழைத்ததன் பொருள் அவ்வேளையில் பலருக்கும் விளங்கியது.

ஆனால் ஆலயக் கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் நம் இல்லங்களின் நிலை என்ன? மாலையில் விளக்கேற்றியதும் முழங்கால்படியிட்டுச் செபமாலை சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் நம் கத்தோலிக்கக் கிராமங்களின் அடையாளமாக இருந்தது. இன்று அந்த நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர்களும் கைத்தொலைபேசியும் பங்குபோட்டுக்கொண்டுள்ளன. ஒரே கூரையின் கீழ் நால்வர் நான்கு திரைகளை நோக்கி அமர்ந்திருக்கின்றார்கள். ஞாயிறு காலையிலோ, மறைக்கல்விக்குச் செல்ல வேண்டிய பிள்ளை தனியார் வகுப்பிற்கு ஓடுகின்றது. பிள்ளைக்குப் பரீட்சை முக்கியம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆயினும், கணிதத்திற்கு இரண்டு ஆசிரியர்களைத் தேடும் பெற்றோர், தம் பிள்ளைக்குச் செபிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தையிடமும் மறையாசிரியரிடமும் மட்டும் ஒப்படைப்பது முறையாகுமா? தந்தை செபிப்பதை ஒருநாளும் காணாத பிள்ளை, செபம் என்பது சிறுவருக்கும் முதியோருக்கும் உரியது என்றே எண்ணி வளரும்.

ஆகவே இப்புத்தாண்டில் பல தீர்மானங்கள் வேண்டாம். ஒரே ஒரு தீர்மானம் போதும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம், வீட்டில் உள்ள அனைவரும் ஒன்றாக இறைவன் முன் அமர்வோம். திருவிவிலியத்திலிருந்து ஒரு சிறு பகுதியை வீட்டிலுள்ள இளையவர் வாசிக்கட்டும். செபமாலையின் ஒரு பத்து மணியேனும் சொல்லப்படட்டும். அன்றைய நாளின் ஒரு நன்மைக்காக ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தையில் நன்றி கூறட்டும். நேரமில்லை என்பது பலரது மறுமொழி. அது முற்றிலும் பொய்யல்ல. மாலையில் கடலுக்குப் போகும் மீனவரும், விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாயும், இரவுப் பணிக்குச் செல்லும் தாதியும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க இயலாது. அவரவர் வீட்டின் உழைப்பிற்கேற்ப நேரத்தைத் தெரிவு செய்துகொள்ளலாம். படகு புறப்படுமுன் சொல்லும் செபமும் குடும்ப செபமே. புலம்பெயர்ந்த நாட்டில் பிள்ளைகள் இருந்தால், வாரத்தில் ஒருநாளாவது தொலைபேசியில் நலம் விசாரித்த பின் அவர்களுடன் சேர்ந்து செபிக்கலாம்.

இவ்வாறு செபிக்கும் இல்லம் தன் கதவை அடைத்துக்கொள்ளலாகாது. ஆண்டின் முதல் நாளை உலக அமைதி நாளாகவும் திருச்சபை 1968 முதல் கடைப்பிடித்து வருகின்றது. அமைதிக்காக மன்றாடும் நாம், காணி எல்லைக்காகப் பல ஆண்டுகள் பேசாதிருக்கும் சகோதரனை எண்ணிப் பார்க்க வேண்டாமா? சகோதரனுக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென நினைவுவந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் செல்லும்படி ஆண்டவர் இயேசு கற்பிக்கின்றார். புனித யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பிறர் அஞ்சி விலகிய நோயாளரை இன, மத வேறுபாடின்றிப் பராமரித்தார். செபம் உண்மையானது என்பதற்கு இத்தகைய அன்பே அத்தாட்சி.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய திருவிழா ஆண்டுதோறும் புத்தாண்டு பிறந்து இரு வாரங்களில் வருகின்றது. முதல் நாள் எடுத்த தீர்மானம் தளர்ந்துபோகும் வேளையும் பெரும்பாலும் அதுவே. ஆகவே அந்நாளை ஒரு சோதனை நாளாகக் கொள்வோம். அன்றும் நம் வீட்டில் செபம் நடைபெறுகின்றதா எனப் பார்ப்போம். தவறியிருந்தால் சோர்ந்துவிடாமல் அன்று மாலையே மீண்டும் தொடங்குவோம். பூட்டிய கதவுகளுக்குள் விசுவாசத்தைக் காத்துத் தந்த முன்னோரின் பிள்ளைகள் நாம். திறந்த கதவுகளுடன் வாழும் நாம் அதை நம் பிள்ளைகளிடம் கையளிக்க, இறைவனின் தாயாம் அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக.